மர மருத்துவருக்குச் சங்கம் பயன் தருமா?

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்குமான உரையின் வாசகம்)

மேற்கு வங்கத்தில் ஹௌராவை அடுத்த சிப்பூரில் அமைந்துள்ள ஆசாரிய ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்காவில் பெரும்புகழ் பெற்ற ஆலமரம் ஒன்று உள்ளது. அதனைக் காணச் செல்வோர் முதலில் தேடுவது அதன் அடிமரத்தை. ஆனால் அடிமரம் அங்கே இல்லை. 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய கடும் புயல்களில் மரத்தின் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த இடங்களின் வழியே காளான் நோய் புகுந்தது. நோய் அடிமரத்தை அரித்தது. எஞ்சிய பகுதிகளைக் காக்கும் பொருட்டு 1925-ஆம் ஆண்டில் அடிமரம் முழுவதும் வெட்டி அகற்றப்பெற்றது. இன்று அம்மரம் ஆயிரக்கணக்கான விழுதுகளின் மீது நின்று வாழ்கின்றது. தாய்த்தண்டை இழந்தும் மரம் பிழைத்தது. மரத்திற்கும் அறுவைச் சிகிச்சை உண்டு என்பதற்கு இந்திய மண்ணிலேயே உள்ள சிறந்த சான்று இது.

இத்தகைய பணியைச் செய்வோரை மேலை நாடுகளில் 'மர அறுவை மருத்துவர்' என்று அழைப்பது வழக்கம். நோயுற்ற கிளையை அகற்றுதல், கவாத்து செய்தல், சாயும் மரத்தைக் கட்டி நிறுத்துதல், காக்க இயலாத மரத்தை அருகிலுள்ள வீட்டிற்கும் மனிதருக்கும் ஊறு நேராமல் இறக்குதல் ஆகியவை இவர்களின் பணிகள். இந்தியாவில் இதே பணிகளை மரமேறிகளும், நகராட்சி ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும், தோட்டத் தொழிலாளர்களும் செய்து வருகின்றனர். இத்தொழிலைச் செய்பவர் ஒரு தொழிற்சங்கத்தில் அல்லது தொழில்முறைச் சங்கத்தில் சேருவதால் பயன் உண்டா என்பதே இவ்வுரையின் பொருள்.

மன்றமும் சங்கமும்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். சில தொழில்களுக்குச் சட்டமே வாயில் அமைத்துள்ளது. பட்டயக் கணக்கராகப் பணிபுரிய விரும்புவோர் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனத்தில் உறுப்பினராதல் வேண்டும். மருத்துவர் சட்டப்படி பதிவு செய்யப்பெறாமல் மருத்துவம் பார்க்க இயலாது. ஆனால் அதே மருத்துவர் இந்திய மருத்துவச் சங்கத்தில் சேருவதும் சேராதிருப்பதும் அவரது விருப்பம். முன்னது உரிமம், பின்னது உறவு.

மர மருத்துவரைப் பொறுத்தவரை பல நாடுகளில் இந்த உறவு மட்டுமே உண்டு, உரிமம் இல்லை. பிரிட்டனில் எவரும் தம்மை மர அறுவை மருத்துவர் என்று அழைத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. ஒரு வண்டியும், ஏணியும், சங்கிலி ரம்பமும் உடையவர் மறுநாளே தொழிலைத் தொடங்கிவிடலாம். ஆகவே வாடிக்கையாளர் தேர்ந்தவரையும் தேராதவரையும் எவ்வாறு பிரித்தறிவது என்ற வினா எழுகின்றது. தொழில்முறைச் சங்கங்கள் தோன்றியதற்கு இவ்வினாவே முதற்காரணம் எனலாம்.

சங்கங்கள் தோன்றிய வரலாறு

நவீன மர மருத்துவத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஜான் டேவி. இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் குடியேறிய தோட்டக்காரர் இவர். பள்ளிக் கல்வி பெறாமல், வாலிப வயதிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். 'மர மருத்துவர்' என்ற பெயரில் இவர் எழுதிய நூல் 1901-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பின்னர் இத்தொழில் அமெரிக்க நகரங்களில் விரைந்து பரவிற்று. தொழில் பரவியதோடு போலிகளும் பெருகினர்.

1924-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் மரப் பாதுகாப்புத் தேர்வு வாரியம், மரப்பணியிலும் மர ஆய்விலும் ஈடுபட்டிருந்த ஏறத்தாழ நாற்பது பேரை ஓரிடத்தில் கூட்டியது. நிழல் மரங்களின் நோய்களையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். இன்று 'இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்ச்சர்' என்று உலகெங்கும் அறியப்படும் கழகத்தின் தொடக்கம் இக்கூட்டமே. பிரிட்டனில் 'ஆர்பரிகல்ச்சுரல் அசோசியேஷன்' 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் எல்ம் மரங்களைத் தாக்கிய கொள்ளைநோய் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மரங்களை மாய்த்தது. 1987 அக்டோபரில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களை வீழ்த்தியது. அத்தகைய வேளைகளில் மரத்தொழிலாளருக்கான தேவை திடீரெனப் பெருகுகின்றது; தேர்ச்சியற்றவர்களும் திடீரெனப் பெருகுகின்றனர். நல்லவரை அடையாளம் காட்டும் ஏற்பாட்டின் அருமை அப்போதுதான் புலப்படும்.

முதற்பயன்: அறிவு

சங்கத்தில் சேருவதால் விளையும் பயன்களுள் தலையாயது அறிவு. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

பல்லாண்டுக் காலம் மர மருத்துவர்கள் மூன்று விதிகளை ஐயமின்றிப் பின்பற்றி வந்தனர். கிளையைத் தண்டோடு ஒட்ட, மேடு தெரியாமல் மழுங்க வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தார் அல்லது வண்ணம் பூச வேண்டும். பொந்து விழுந்த மரத்தைச் சுரண்டித் தூய்மை செய்து சிமெண்டால் அடைக்க வேண்டும். பல்லுக்குச் செய்வதை மரத்திற்கும் செய்தனர். பார்வைக்கு இம்முறை செம்மையாகவே தோன்றியது.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்து உள்ளமைப்பை ஆராய்ந்தார். மனித உடலில் புண் ஆறுவது போல மரத்தில் புண் ஆறுவதில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மரம் பழுதுற்ற பகுதியைச் சுற்றிலும் தடுப்புச் சுவர் எழுப்பி அதனைத் தனிமைப்படுத்துகின்றது. அதன் வெளியே புதிய மரத்தசையை வளர்க்கின்றது. 1970-களில் அவர் வெளியிட்ட இவ்விளக்கம் பழைய விதிகள் மூன்றையும் ஆட்டங்காணச் செய்தது. கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள புடைப்பே மரத்தின் காப்பரண். ஒட்ட வெட்டினால் அக்காப்பரண் அழிகின்றது. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. பொந்தைச் சுரண்டும்போது மரம் எழுப்பிய தடுப்புச் சுவரே உடைபடுகின்றது. அதாவது, நேர்மையும் உழைப்பும் மிக்க தொழிலாளர்கள் நன்மை செய்வதாக எண்ணியே மரங்களுக்குத் தீங்கிழைத்து வந்தனர்.

தனித்து வேலை செய்பவருக்கு இத்தகைய பிழை தெரிய வாய்ப்பில்லை. அவர் இன்று வெட்டும் கிளையின் விளைவு பத்து அல்லது இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அப்போது அவர் அங்கே இருக்கமாட்டார். தம் தவற்றைத் தம் அனுபவத்தால் திருத்திக்கொள்ள இயலாத தொழில்களுள் இதுவும் ஒன்று. ஆகவே பலருடைய அனுபவத்தைத் திரட்டி, ஆய்வாளரின் முடிவைத் தொழிலாளரின் கையில் கொண்டு சேர்க்கும் அமைப்பு வேண்டப்படுகின்றது. பிரிட்டனில் மரப்பணிக்கான தரநிர்ணயம் முதன்முதலில் 1966-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்று, 1989, 2010 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றமை இங்குக் குறிப்பிடத்தக்கது. விதிகள் மாறுகின்றன, மாறிய விதியை அறியாதவர் பழையதையே தொடர்கின்றார்.

இரண்டாவது பயன்: உயிர்ப் பாதுகாப்பு

மரத்தின் மீதிருந்து விழுவது ஒரு குடும்பத்தின் வாழ்வையே குலைத்துவிடும். உயரம், கூரிய கருவி, முறியும் கிளை, அருகே செல்லும் மின்கம்பி ஆகிய நான்கு ஆபத்துகளும் ஒரே வேளையில் சூழ்ந்திருக்கும் தொழில் இது. மேலே ஏறியவர் காயமுற்று வடத்தில் தொங்கும்போது அவரை இறக்கத் தெரிந்த மற்றொருவர் கீழே ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது தேர்ந்த குழுக்களின் கட்டாய நெறி. ஒருவர் தனியே கற்கக்கூடிய பாடம் அன்று அது. சக தொழிலாளருடன் பழகியே கற்க வேண்டியது.

காப்பீடும் அவ்வாறே. மரமேறும் ஒருவர் தனியே விண்ணப்பித்தால் மிகுதியான கட்டணம் கேட்கப்படலாம். அல்லது விண்ணப்பம் மறுக்கப்படலாம். பயிற்சி பெற்ற நூறு பேர் ஓர் அமைப்பாக விண்ணப்பிக்கும்போது நிலை வேறு.

இதற்குக் கேரளம் நல்லதோர் எடுத்துக்காட்டு. தென்னை ஏற ஆள் கிடைக்காத நிலை அங்கே உழவர்களைப் பெரிதும் வாட்டி வந்தது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடவருக்கும் பெண்டிருக்கும் ஆறு நாள் பயிற்சி அளிக்கப்பெற்றது. ஏறும் பொறியைக் கையாளுதலோடு, நோய்களைக் கண்டறிதல், மரத்தின் கொண்டையைத் தூய்மை செய்தல் முதலியனவும் கற்பிக்கப்பெற்றன. விபத்துக் காப்பீட்டிற்கும் ஏற்பாடு செய்யப்பெற்றது. ஏறும் பொறி மரத்திற்கும் நன்மை பயப்பது. தென்னந்தண்டு மற்ற மரங்களைப் போலப் பக்கவாட்டில் பருப்பதில்லை. ஏறுவதற்காக வெட்டிய படி என்றென்றும் ஆறாத வடுவாகவே நிற்கும். பொறியைக் கொண்டு ஏறினால் அவ்வடுவிற்குத் தேவையில்லை. இத்திட்டம் முழுமையான தொழிற்சங்கம் அன்று எனினும், பயிற்சி, கருவி, காப்பீடு, பொது அடையாளம் ஆகிய நான்கையும் ஒருங்கே வழங்கினால் பழித்து ஒதுக்கப்பட்ட தொழிலுக்கும் மதிப்பு உண்டாகும் என்பதை அது உணர்த்தியது.

மூன்றாவது பயன்: ஒன்றுபட்ட குரல்

தனி மனிதரின் குறை முறையீடாகவே நின்றுவிடும்; அமைப்பின் கோரிக்கை சட்டமாகவும் ஆகலாம். கேரளத்தில் நெடுங்காலமாக அணிதிரண்டு நின்ற கள்ளிறக்கும் தொழிலாளருக்கு 1969-ஆம் ஆண்டில் தனி நலநிதிச் சட்டமே இயற்றப்பெற்றது. அவர்களைப் போன்றே உயிரைப் பணயம் வைத்து மரமேறும் நகர்ப்புறக் கவாத்துத் தொழிலாளருக்கு இத்தகைய தனிப் பாதுகாப்பு அரிது. அவர்கள் சிதறிக் கிடப்பது இதற்கு முக்கியக் காரணம் எனலாம். சங்கம் அமைக்கும் உரிமையை இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு வழங்குகின்றது. உரிமை ஏட்டில் இருந்தும் கையாளப்படாத துறைகளுள் இதுவும் ஒன்று.

மறுபக்கம்

இவ்வளவும் கூறியபின், சங்கத்தில் சேருவது எப்போதும் நன்றே என்று முடிவு கட்டிவிடலாகாது. மறுப்புகளையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது மறுப்பு செலவு பற்றியது. ஆண்டுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் இழக்கும் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறு தொழிலாளருக்குப் பெருஞ்சுமை. ஒரே வட்டாரத்தில் பல்லாண்டுகள் உழைத்து நற்பெயர் ஈட்டியவருக்குச் சங்கச் சின்னத்தால் புதிதாக வேலை கிடைத்துவிடாது. வாய்மொழிப் பரிந்துரையே அவருக்குப் போதுமான முதலீடு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. உறுப்பினர் அட்டை திறமைக்குச் சான்றாகாது. கட்டணம் செலுத்திய எவருக்கும் அட்டை வழங்கும் சங்கம் பொதுமக்களுக்குத் தீங்கே செய்கின்றது. தேராதவருக்குத் தேர்ந்தவரின் முகத்தை அளிக்கின்றது. இவ்விடரை உணர்ந்த சங்கங்கள் உறுப்புரிமையையும் தகுதிச் சான்றையும் தனித்தனியே பிரித்துள்ளன. பிரிட்டிஷ் சங்கத்தில் உறுப்பினராவது ஒன்று. அதன் அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரராவது மற்றொன்று. பின்னதற்கு வேலைத்தளத்திலேயே பணி மதிப்பிடப்பெறும். குறித்த கால இடைவெளியில் மறுமதிப்பீடும் உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்கத் தோற்றமுடைய கழகத்தின் சான்று பெற மூன்றாண்டு அனுபவமும் தேர்வும் தேவை. தொடர்ந்து கற்றாலன்றி அச்சான்று மூன்றாண்டுகளில் காலாவதியாகும். கழகத்தில் உறுப்பினரல்லாதவரும் அத்தேர்வை எழுதலாம். மரமேறி வேலை செய்வோருக்குத் தனியே செய்முறைத் தேர்வும் நடத்தப்பெறுகின்றது.

மூன்றாவது மறுப்பு சமூக நீதி சார்ந்தது. சங்கம் வாயிலாகவும் அமையலாம், மதிலாகவும் அமையலாம். ஆங்கிலத்தில் வினாத்தாள், உயர்ந்த கட்டணம், விலைமிகுந்த கருவிகள் ஆகியவற்றை நிபந்தனையாக்கினால், தலைமுறை தலைமுறையாக மரமேறி வருவோர் வெளியே நிறுத்தப்படுவர். மரமேறாத ஒப்பந்தக்காரர் உள்ளே அமர்ந்திருப்பார். எழுத்தறிவே அளவுகோல் எனில், இளமையில் ஜான் டேவியும் அவ்வாயிலைக் கடந்திருக்க இயலாது. எனவே இந்தியச் சூழலில் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் தாய்மொழியில் நடத்தப்பெறுதல் இன்றியமையாததாகும்.

வேலை தருவோரின் பொறுப்பு

தொழிலாளர் எவ்வளவு கற்றாலும், வேலை தருபவர் அதனை மதிக்காவிடில் கற்றதற்குப் பயனில்லை. இந்திய நகரங்களில் சாலை மரங்களுக்குப் பெரும் வேலையளிப்போர் உள்ளாட்சி அமைப்புகளும் மின்வாரியங்களுமே ஆகும். மழைக்காலத்திற்கு முன்னர்ப் பல நகரங்களில் கவாத்துப் பணி ஒப்பந்தத்தில் விடப்படுகின்றது. மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளி ஒன்றே அளவுகோலானால், பயிற்சிக்கும் வடத்திற்கும் தலைக்கவசத்திற்கும் காப்பீட்டிற்கும் செலவு செய்பவர் தோற்பார். எதற்கும் செலவு செய்யாதவர் வெல்வார். அத்தகைய சந்தையில் சங்க உறுப்புரிமை வீண்செலவே.

அதன் விளைவைச் சாலையோரங்களில் காணலாம். பாரத்தைக் குறைப்பதாகக் கருதி மரத்தின் தலையை மொட்டையடிக்கின்றனர். வெட்டுண்ட முனைகளில் அழுகல் புகுகின்றது. அங்கே புதிதாகக் கிளைக்கும் போத்துகள் வலுவற்ற பிடிப்புடன் விரைந்து வளர்கின்றன. சில ஆண்டுகளில் முன்னிருந்ததைவிட ஆபத்தான மரம் அங்கே நிற்கின்றது. ஒருபுறமாக மட்டும் வெட்டப்பட்ட மரம் நிலைகுலைந்து, காற்றில் மறுபுறம் சாய்கின்றது. 2020 மே 20 அன்று அம்பன் புயல் தாக்கியபோது கல்கத்தா நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயலின் வேகத்தை மனிதர் குறைக்க இயலாது. மரத்தின் வேரையும் முடியையும் பேணும் முறையை மாற்ற இயலும்.

சட்டம் இத்துறையில் முற்றிலும் உறங்கிவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டிலும், கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டிலும், தில்லியில் 1994-ஆம் ஆண்டிலும் மரப்பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. தில்லியில் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவிற்குப் பூசப்பட்ட சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 15.7 செ.மீ. வரை சுற்றளவுள்ள கிளைகளை முன் அனுமதியின்றி வெட்ட இடமளித்த வழிகாட்டு நெறிகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில் நீக்கியது. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும் வெட்டலாமா கூடாதா என்பதைச் சட்டம் கூறிவிடும். எவ்வாறு வெட்டுவது என்பதை அரிவாள் பிடித்த கைதான் அறிந்திருத்தல் வேண்டும். அனுமதிச் சீட்டு அலுவலகத்தில் எழுதப்படுகின்றது. மரத்தின் விதி நாற்பதடி உயரத்தில் முடிவாகின்றது.

முடிவுரை

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை நிபந்தனையோடு கூடியதாகவே அமையும். சேர விரும்பும் தொழிலாளர் ஒரு சங்கத்தைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். அது தம் வேலையை நேரில் பார்த்துச் சோதிக்கின்றதா? தவறு செய்யும் உறுப்பினரை நீக்கும் துணிவு அதற்கு உண்டா? விபத்து நேர்ந்தால் தம் குடும்பத்திற்குத் துணை நிற்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்குமாயின், கட்டணம் செலவாகாது, முதலீடாகும். மூன்றுக்கும் 'இல்லை' என்பதே விடையாயின், அப்பணத்தில் நல்லதொரு வடம் வாங்கிக்கொள்வது மேல்.

அலுவலர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே. ஒப்பந்த ஆவணத்தில் விலைக்கு ஓரிடம் இருப்பது போன்று திறமைக்கும் பாதுகாப்பிற்கும் இடம் உண்டா என்பதே அது. குறிப்பிட்ட ஒரு சங்கத்தின் உறுப்புரிமையை நிபந்தனையாக்க வேண்டுவதில்லை. அது புதியதொரு ஏகபோகத்திற்கு வழிகோலும். செய்முறையில் சோதிக்கப்பெற்ற தகுதி, காப்பீடு, மீட்புப் பயிற்சி ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்குதல் போதும். அந்நிலை உருவாகும்போது தொழிலாளர் தாமாகவே அமைப்புகளை நாடிச் செல்வர்.

வனவியலும் தோட்டக்கலையும் பயிலும் மாணவருக்கும் இதில் பங்குண்டு. ஆய்வகத்தில் அறிந்ததை மரமேறியின் மொழியில் அவருக்கு எடுத்துரைப்பதும், காற்றையும் கிளையின் ஓசையையும் கொண்டு அவர் அறிந்திருப்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் ஒரே பணியின் இரு பகுதிகள். 1924-ஆம் ஆண்டில் கனெக்டிகட்டில் கூடிய நாற்பது பேருள் ஆய்வாளரும் இருந்தனர், மரத்தொழிலாளரும் இருந்தனர். இவ்விருவரும் ஒரே அவையில் அமரும் சங்கமே சேரத்தக்க சங்கமாகும்.